முதல் நாலு வாய் அவள் கையால்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பெருமூளை வாதம், இரண்டு கால்களும் விறைப்பு. எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்பாள். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது எல்லாம் நானும் மாமியாரும்தான். கீழே பிள்ளைகள் விளையாடினால் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தெரபியை ஐந்து நாளாக்கினால் மற்றவர்களைப்போல எல்லாம் செய்வாளா?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: ஐந்து நாளா, மூன்று நாளா என்பதை உங்கள் தெரபிஸ்ட் சொல்லட்டும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி மறையாது, கூடவும் செய்யாது. அதை வைத்துக்கொண்டு அவள் என்னென்ன செய்யப் பழகுகிறாள் என்பது மட்டும் நிச்சயம் மாறும். வாரத்தில் தெரபி மூன்று மணி நேரம் என்றால், அவள் விழித்திருக்கும் மீதி எண்பது மணி நேரம் உங்களோடுதான். அத்தனை நேரமும் அவள் கைக்கு ஒரு வேலையும் இல்லையே!

இட்லியிலிருந்து தொடங்குங்கள். முதலில் அவள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கினால், விழாமல் இருக்கவே முதுகும் கையும் உழைக்கும். சாப்பிடக் கை மிஞ்சாது. காலடியில் மணைப்பலகையைப் போடுங்கள். விளிம்பு உயர்ந்த தட்டு, நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. ஸ்பூன் என்றால் கைப்பிடியில் துணி சுற்றித் தடியாக்குங்கள். பசி இருக்கும்போது, கை சோர்வதற்கு முன், முதல் நாலு வாய் அவளே சாப்பிடட்டும். மீதியை நீங்கள் ஊட்டுங்கள். அடிக்கடி புரையேறுகிற பிள்ளை என்றால் மட்டும் முதலில் ஸ்பீச் தெரபிஸ்டைக் கேட்டுவிடுங்கள்; விழுங்குவதையும் அவர்தான் பார்ப்பார்.

சட்னி சிந்தும். நாலு வயதில் எந்தப் பிள்ளை சிந்தாமல் சாப்பிட்டது? "பாவம், குழந்தை கஷ்டப்படுதே" என்று மாமியார் கை நீட்டுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள்; மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு அப்புறம் உதவச் சொல்லுங்கள். (எனக்குத் தெரிந்து ஏழுக்கு மேல் எண்ணிய பாட்டி இல்லை.)

உடுத்துவதில் முறை தலைகீழ். கவுனை மாட்டி வயிறு வரை நீங்கள் இறக்குங்கள், கடைசி இழுப்பு அவளுடையது. 'நானே போட்டேன்' என்பாள். மறுக்காதீர்கள்.

நடை வந்த பிறகு கீழே விடலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்று மாலையே தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கண்ணாமூச்சியில் எண்ணுவதற்குக் கால் வேண்டாம். பிள்ளைகள் இரண்டே நாளில் அவளுக்கென்று தனி விதி போட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் நாம்தான் அதற்குக் கூட்டம் போட்டுப் பேசுவோம்.

வீட்டுக்கு என்னென்ன மாற்றம் வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் தேவை. கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்ற அமைப்பு 1985 முதல் இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. ஒருமுறை போய்க் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்கும் போங்கள். சக்கர நாற்காலிக்காக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். அலை காலில் பட்டதும் உடம்பு விறைக்கும், இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு.