பாட்டு வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தர எங்கிருந்து தொடங்கலாம்? வாரம் ஒரு பாடவேளை, நாற்பது பேர், கருவி எதுவும் கிடையாது.

காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர தாளம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடிப் பாடி, உங்களிடம் வரும்போது மோகனம் அவர்கள் தொண்டையில் ஊறிப்போயிருக்கும். பெயர்தான் தெரியாது.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்வருகிறேன். முதல் வருடம் நான் கற்றுக்கொண்டபடியே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்ப ஸ்வரப் பயிற்சியை எடுத்தேன். கர்நாடக இசையின் பிதாமகர் புரந்தரதாசர் போட்டுக்கொடுத்த பாதை என்பார்கள், அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அது தினமும் பாடிச் சாதகம் செய்கிற குழந்தைக்கு. வாரம் நாற்பது நிமிடத்தில், சட்ஜத்தை (ச) ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சுத்த ரிஷபத்தைப் (ரி) பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த வாரம் போனால் முதல் வரிசையே மறந்திருக்கும்.

மோகனத்தில் ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். ம-வும் நி-யும் கிடையாது. எல்லாம் தள்ளித் தள்ளி நிற்பதால் யாராவது கொஞ்சம் பிசகினாலும் காது கூசாது.

விரலுக்கு ஒரு ஸ்வரம் என்று முதலில் சொல்லிக்கொடுத்தேன். தப்பு. தாளம் போடும்போதும் அதே விரலைத்தானே எண்ண வேண்டும்? குழம்பிப்போனார்கள். இப்போது மைதானத்தில் பாண்டிக் கட்டம். சாக்பீஸால் வரிசையாக எட்டுக் கட்டம், கீழ் ச-விலிருந்து மேல் ச வரை. ம, நி இரண்டிலும் பெருக்கல் குறி, மிதித்தால் அவுட். ஒருத்தி நொண்டியடிப்பாள், அவள் கால் விழுகிற ஸ்வரத்தை மற்றவர்கள் பாட வேண்டும். க-வைத் தாண்டினால் பெரிய தாவல் என்பது காலுக்கே தெரிந்துவிடுகிறது. குறும்புக்காரப் பிள்ளை திடீரென்று த-விலிருந்து ரி-க்குப் பின்வாங்குவாள், வகுப்பே தடுமாறும். நான் நடத்திய எந்தப் பாடத்திலும் நாற்பது பேரும் ஒருசேரக் கவனித்தது இதில்தான்.

ஒன்று, வாழ்த்துப் பாடலையே வைத்து விளையாடாதீர்கள். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, பாடும்போது எழுந்து நிற்க வேண்டும். 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் ஆணை. மூடுபனிக் குளிரில் எங்கள் பிள்ளைகள் அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு வேண்டியது ராகம் மட்டும்.

தாளத்துக்குத் தகிட, தகிட என்று மூன்று மூன்றாகத் தட்டினால் போதும். சேலத்தில் ஆடி மாதப் பம்பை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளம் ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை சுருதி, அதாவது ச-வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுவது என்பது. கூட்டத்தில் முதலில் ஆரம்பிக்கிற பெண் அன்றைக்கு வாய்க்கு வந்த சுருதியில் எடுப்பாள், பாதிப் பாட்டில் பின்வரிசை கீச்சிடும். கைப்பேசியில் சுருதியை விடாமல் ஒலிக்கும் தம்புரா செயலி போட்டு, ஐந்து கட்டைச் சுருதியில் அரை நிமிடம் வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகவிட்டு ஆரம்பியுங்கள். கருவிக்கு அதுவே போதும்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஏழாம் வகுப்பில் கணீரென்று பாடிய பையன் ஒருவன், கோடை விடுமுறை முடிந்து வந்ததும் மேல் ஸ்தாயியில் குரல் பிளந்து, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து கடைசி வரிசை, வெறும் வாயசைப்பு. கூப்பிட்டுக் கேட்டேன். “தொண்டை கட்டிக்கிச்சுங்க டீச்சர்” என்றான். கட்டவில்லை, குரல்வளை வளர்கிறது, இந்த வயதில் அப்படித்தான் என்று சொன்னேன். தம்புராவோடு மெதுவாக முனகச் சொன்னபோது கீழ் ச-வில் குரல் ஆடாமல் நின்றது, ப-வைத் தாண்டினால்தான் உடைந்தது. சரி, மற்றவர்கள் ஸ்வரம் பாடும்போது நீ ச-வை மட்டும் பிடித்துக்கொண்டிரு என்றேன். மோகனத்தில் எந்த ஸ்வரம் வந்தாலும் அடியில் சட்ஜம் ஒத்துப்போகும். இரண்டு மாதம் அவன்தான் எங்களுக்குத் தம்புரா, செயலியைக்கூட அணைத்துவிட்டோம்.

போன வாரம் தானாகவே வந்து கட்டத்தில் நின்றான். ச, ரி, க, ப என்று நொண்டியடித்துப் பாடினான். த-வை ஒருமுறை பார்த்துவிட்டு, மிதிக்காமல் திரும்பி வந்தான்.