பதில்: அப்பா இறந்துவிட்டார், மூன்றாம் ஆண்டு பொறியியல் கட்டணம் கட்ட வழியில்லை

வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடாதீர்கள். முதலில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலோடு, தவணை கேட்டு கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ச்சொல் தேர்வு நேரத்தில் நிற்காது.

அடுத்து, இ-சேவையில் அம்மா பெயரில் புதிய வருமானச் சான்றிதழ். பலரும் அப்பாவின் சம்பளம் உள்ள பழையதையே வைப்பதால்தான் உதவித்தொகை தட்டிப்போகிறது.

படிப்பின் நடுவிலும் கல்விக் கடன் கேட்கலாம். மீதி பருவங்களுக்கான கட்டண விவரம், படிப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அம்மா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும்.

அப்பா மில் தொழிலாளி என்றீர்களே, அதைத்தான் முக்கியமாகக் கவனியுங்கள். பி.எஃப். பிடித்திருந்து, பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால், சேமிப்புத் தொகை தவிர 7 லட்சம் வரை காப்பீடு உண்டு: படிவம் 5 ஐ.எஃப். அம்மாவுக்கு ஓய்வூதியம், உங்களுக்கும் 25 வயது வரை தனி ஓய்வூதியம்: படிவம் 10 டி. மில் நிர்வாகம் தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கில் மே, ஜூன் வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 2 லட்சம் வரும். நாளைக்கே அந்த வங்கிக் கிளைக்குப் போய்க் கேளுங்கள்.