கூடி வாழ்ந்தா கோடி நன்மையா? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க தளத்த ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. எங்களுது கூட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், மூத்தார், ஓர்ப்படி, அவங்க பசங்க, அப்புறம் நாங்க, எல்லாருக்கும் ஒரே வீடு ஒரே அடுப்பு. தனியா போலாம்னு நானும் வீட்டுக்காரரும் பேச ஆரம்பிச்சதுல இருந்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல தினம் காலைல ஒரு பொன்மொழி வருது. 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை', 'குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை', 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல'ன்னு. பேர் போடறதில்ல, ஆனா யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். போன வாரம் மனசு தாங்காம எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன், மறுநாள் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'ன்னு வந்துச்சு. ஆபீஸ்ல ஒரு பொண்ணு, 'நரகம்னா அது மத்தவங்கதான்'னு ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லிருக்காரு, பதிலுக்கு அத போடுங்கக்காங்கறா. இதுல எது சார் உண்மை? ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு கூட பாத்தாச்சு. நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சாதான் அட்வான்ஸ் குடுக்க கை வர மாட்டேங்குது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லாமே உண்மைதான், அதான் தொல்லையே. 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை'ன்னு சொன்ன அதே சனம்தான் 'கிட்ட இருந்தா முட்டப் பகை'ன்னும் சொல்லி வச்சிருக்கு. ரெண்டும் அனுபவப்பட்டு சொன்னதுதான், ஆளும் நேரமும்தான் வேற. அதனால ஒரு பழமொழி வந்தா இது சரியா தப்பான்னு பாக்காதீங்க, இத யாரு யாருக்கு சொல்றாங்கன்னு பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துரும்.

அகழ்வாரை எடுத்துக்கங்க. 151வது குறள், பொறையுடைமை. தன்னைத் தோண்டுறவனையும் நிலம் தாங்குதே, அப்படி இகழ்றவங்கள பொறுத்துக்கணுங்கறாரு. இகழப்பட்டவங்க ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கிட்டா அது பெரிய பலம். கடப்பாரைய கையில வச்சிருக்கறவங்களே அத எடுத்து நிலத்துக்கு வாசிச்சா என்னத்த சொல்ல? ஔவையாரோட குற்றம் பார்க்கினும் அப்படித்தான், அது குத்தம் பாக்கற ஆளுக்கு சொன்ன புத்தி. உங்க வீட்ல யாரு பாக்கறாங்கன்னு நீங்க எழுதல, நானும் கேக்கல, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கும்னுதான் நெனக்கறேன்.

பொறுத்துக்கச் சொன்ன அதே வள்ளுவர் 89வது அதிகாரத்துல உட்பகைன்னு பத்து குறள் எழுதிருக்காரு, அத ஒருத்தரும் குட்மார்னிங் மெசேஜா அனுப்பி நான் பாத்ததில்ல. 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி'. செப்பும் மூடியும் மாதிரி வெளில இருந்து பாக்க பொருந்தித்தான் இருக்கும், உள்ளுக்குள்ள ஒட்டாது. அதிகாரத்தோட கடைசி குறள் இன்னும் காட்டம்: 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று', மனசு ஒத்துப்போகாதவங்களோட வாழறது ஒரே குடிசைக்குள்ள பாம்போட குடியிருக்கற மாதிரியாம். பொருட்பால்ல வர்றதால இது ராஜாங்க விஷயம்னு தள்ளிடலாம்தான், ஆனா ராஜ்யத்துக்கு வந்த சண்டைல பாதி அண்ணன் தம்பி சண்டைதானே. தயவுசெஞ்சு இத குரூப்ல போட்டுடாதீங்க, யாரு பாம்புன்னு ஒரு வாரத்துக்கு பஞ்சாயத்து ஓடும்.

எனக்கு கோவம் வந்தது அந்த புறநானூறு மெசேஜுக்குத்தான். 192வது பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடினது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'னு முதல் வரிய வளைவுல எழுதிடறோம், ரெண்டாவது வரிய அழுதவங்க தலைல போடறோம். மொத்தப் பாட்டையும் படிச்சா அந்த மனுஷன் தான் எப்படி வாழறேன்னுதான் சொல்லிட்டுப் போறாரு, சாவும் புதுசில்ல, வாழ்க்கை இனிக்குதுன்னு குதிக்கறதும் இல்ல, ஆத்து வெள்ளத்துல தெப்பம் போற மாதிரி உயிர் போகுதுன்னு. எதுத்தாப்ல நிக்கறவங்கள பாத்து நீ அழறதுக்கு நீயேதான் காரணம்னு அவரு சொல்லவே இல்ல. பாட்டு முடியற எடத்துல 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'ன்னு இருக்கு, வீட்டுக்கு சின்ன மருமகள மட்டந்தட்ட இந்தப் பாட்ட எடுத்தவங்க அதுவரைக்கும் படிச்சிருக்க மாட்டாங்க.

உங்க ஆபீஸ் பொண்ணு சொன்ன வரி பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரோடது, அவரு நாடகம் ஒண்ணுல வருது. 1944 மே மாசம், பாரிஸ் இன்னும் ஜெர்மன்காரங்க கையில இருக்கறப்ப மேடையேறுன நாடகம். செத்துப்போன மூணு பேர ஒரு ரூம்ல அடைச்சிடறாங்க, அதான் நரகம், எண்ணெய்க் கொப்பரையெல்லாம் கிடையாது. ரூம்ல கண்ணாடி இல்ல, விளக்கு அணையறதே இல்ல. ஒருத்தி தன் மூஞ்சிய பாக்கணும்னு தவிக்கறா, இன்னொருத்தி நான்தான் உனக்கு கண்ணாடி என் கண்ணுல பாத்துக்கோங்கறா, அப்புறம் வேணும்னே கன்னத்துல பரு இருக்குன்னு பொய் சொல்றா. பரு இருக்கா இல்லையான்னு இவளுக்கு பாத்துக்க வழியே இல்ல! கூட இருக்கற ஆம்பளைக்கு வேற பிரச்சினை, தான் கோழை இல்லன்னு யாராவது ஒத்துக்கணும். கதவ தட்டித் தட்டி திறங்கடான்னு கத்தறாரு, திடீர்னு கதவு நெஜமாவே திறந்துக்குது, ஆனா மூணு பேருல ஒருத்தரும் வெளில போகல. அந்தாளு ஏன் போகலன்னா, அந்த பொய் சொன்ன பொம்பளை தன்ன கோழைன்னு நெனச்சிட்டு உக்காந்திருக்கா, அவ வாயால இல்லன்னு சொல்ல வைக்கணுமாம். இதெல்லாம் ஆனப்புறம்தான் அந்த வசனம் வருது. மனுஷங்களே வேணாம்னு நான் சொன்னதா எடுத்துக்கறாங்க, உறவு கெட்டு முறுக்கிக்கிட்டா மட்டும்தான் அடுத்தவங்க நரகம்னு சார்த்தரே பின்னாடி 1965ல விளக்கம் குடுத்தாரு. அதனால அந்தப் பொண்ணுகிட்ட வரி நல்லாருக்கும்மா, போட மாட்டேன்னு சொல்லிடுங்க.

நீங்க பயப்படற அந்த 'நாலு பேரு'ம் அந்தப் பொம்பளை மாதிரிதான் எஸ். கதவு திறந்து கிடக்கு, வீடு பாத்தாச்சு, வீட்டுக்காரரும் கூட இருக்காரு, அந்த நாலு பேரு நல்லவன்னு சர்டிபிகேட் குடுத்தா கிளம்பலாம்னு நீங்க உக்காந்திருக்கீங்க. குடுக்க மாட்டாங்க. இருந்தாலும் பேசுவாங்க போனாலும் பேசுவாங்க.

ஷோப்பன்ஹவர்னு ஒரு ஜெர்மன் தத்துவவாதி 1851ல முள்ளம்பன்றி கதை ஒண்ணு எழுதினாரு. குளிருக்கு ஒட்டிப் படுத்தா முள்ளு குத்துது, விலகினா வெறைக்குது, மாத்தி மாத்தி நகர்ந்து ஒரு தூரத்த கண்டுபிடிச்சிக்குதுங்க, முழு கதகதப்பு இல்லன்னாலும் முள்ளு குத்தாது. மனுஷங்களுக்கு அந்த தூரத்துக்குப் பேர்தான் மரியாதைங்கறாரு. அவரு கடைசி வரைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்ல நாய் துணையோட ஒண்டியா இருந்தவரு, அந்த அளவுக்கு நமக்கு வேணாம், ஆனா ரெண்டு தெருங்கறது எனக்கு ரொம்ப சரியான தூரமா படுது.

குரூப்ல ஒண்ணும் போடாதீங்க. மாமியார்கிட்ட நேர்ல, வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு, தேதியோட சொல்லுங்க. பசங்க ஸ்கூல் விட்டு நேரா பாட்டி வீட்டுக்கு வரட்டும், ஞாயித்துக்கிழமை சாப்பாடு அங்கதான்னும் அப்பவே பேசிடுங்க, போன பின்னாடி சொன்னா சமாதானத்துக்கு சொல்ற மாதிரி ஆயிரும். ஓர்ப்படிகிட்டயும் தனியா ஒரு வார்த்தை, ஏன்னா நீங்க போனா சமையல் பூரா அவங்க தலைலதான் விழும், பொன்மொழி அங்க இருந்து வர்றதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு மட்டும் பக்கத்து வீட்ல விசாரிச்சிக்கங்க.