கிட் கோப்ரா காரை அசல் போலக் காட்டுவது எப்படி?

காரைக்குடியில் கோப்ரா கிட் கார், அதாவது கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைப் பாகங்களாக வாங்கிச் சேர்த்துக் கட்டுகிறீர்கள், அசல் போலத் தெரிய வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில் பாடியைக் கவனியுங்கள். 1960-களின் அசலுக்கு அலுமினியத் தகடு, கிட்டுக்கு ஃபைபர். ஃபைபரை வார்த்த அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்துக் கோடு மட்கார்டில் தெரிந்தாலே குட்டு உடைந்துவிடும். நம்மூர்ச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைக் கண்ணாடி போலத் தேய்த்தார்களே, அந்தப் பொறுமை வேண்டும். பட்டி பூசி, நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பெயின்ட் அடித்ததும் ட்யூப்லைட் வெளிச்சம் அதில் நெளியாமல் ஓட வேண்டும்.

அப்புறம் சக்கரம். அசலுக்கு 15 அங்குலச் சக்கரம்தான், அதைச் சுற்றிய டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும். 18 அங்குல அலாய் மாட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

பழைய காரின் சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டுவதானால் ஆர்டிஓவில் முன்பே கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது.