ரயில் பயணத்தில் வீட்டுச் சாப்பாடு

கேள்வி: கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் செல்கிறோம். இரண்டு நாளும் வீட்டுச் சாப்பாட்டையே எடுத்துச் செல்லலாமா?

பதில்: முதல் நாளுக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைவாகப் பெருகுவதால், தேங்காய்ச் சட்னி போன்றவை கோடையில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும், புளிப்பு தூக்கலாகக் கிளறிய புளியோதரையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சூட்டோடு டப்பாவை மூடினால், மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கோக்கும் நீரே சோற்றை ஊசிப்போகச் செய்துவிடும் என்பதால், அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கிய பின்னரே அடைக்க வேண்டும். மறுநாள் சுடச்சுடக் கிடைக்கும் உணவையும், தோலுரித்து உண்ணும் பழங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் உடன் வந்தால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை எடுத்துவைக்க மறந்துவிடாதீர்கள்.