கணினிக் கேள்வி – பதில்: மழை வந்தால் நின்றுபோகும் மொடியூல்

கேள்வி: சேர், இறுதியாண்டு புரொஜெக்டுக்காக எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழைமானி ஒன்று பூட்டியிருக்கிறேன். வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர். அதிலுள்ள காந்த சுவிட்ச் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் ஜிபிஐஓ 17 பின்னுக்கு இன்டரப்ட் (செய்யும் வேலையை இடைநிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சமிக்ஞை) கொடுக்கும். எண்ணுவது நான் எழுதிய கேர்னல் மொடியூல் (லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு). முதன்முறை ஏற்றினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆர்எம்மொட் கட்டளையால் இறக்கித் திரும்ப ஏற்றினால் 'டிவைஸ் ஓர் ரிசோர்ஸ் பிஸி' என்கிறது. சிலவேளை மெஷினே அசையாமல் நின்றுவிடும். கச்சான் காலத்தில் இப்படி நின்றதில்லை, மாரி தொடங்கிய பிறகுதான். தண்ணீர் போகிறதோ என்று பெட்டியைச் சிலிக்கன் வைத்தும் அடைத்துவிட்டேன். இறக்கும்போது ஓடும் எக்ஸிட் பங்ஷனில், இன்டரப்டை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்கியூ இருக்கிறது. கோட் இணைத்துள்ளேன்.
– மாணவர், உப்புவெளி

பதில்: தம்பி, பெட்டி நல்ல பெட்டி. சிலிக்கன் வீண்.

நீங்கள் இணைத்த கோடில் இரண்டே இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்டரப்டைப் பதியும் ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூவின் கடைசி இடத்தில் உங்கள் மழைமானி ஸ்ட்ரக்ட்டின் பொயின்டரை (நினைவக முகவரியை) கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ரீ_ஐஆர்கியூவில் அதே இடத்தில் நல் (வெற்று முகவரி) போட்டிருக்கிறீர்கள். எந்த ஹாண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் ஓடும் பங்ஷனை) கழற்றுவது என்று கேர்னல் அந்தப் பொயின்டரை வைத்துத்தான் தேடும். நல் என்று ஒருவரும் பதிந்திருக்கவில்லை, ஆகவே அது ஒன்றையும் கழற்றவில்லை. 'ட்ரையிங் டு ஃப்ரீ ஓல்ரெடி-ஃப்ரீ ஐஆர்கியூ' என்று கேர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு, மொடியூலை இறக்கியும் விட்டது. ஆர்எம்மொட் சத்தமில்லாமல் முடிந்ததால் நீங்கள் டிமெசேஜ் பக்கம் போகவில்லை. ஆர்எம்மொட்டின் மௌனத்தை நம்பவே கூடாது.

இப்போது நிலைமை என்ன? வீட்டை இடித்தாயிற்று, தபாற்கந்தோரில் விலாசம் அப்படியே கிடக்கிறது. அடுத்த கடிதம் வரும்வரை யாருக்கும் தெரியாது. கச்சானில் மழை இல்லை, வாளி கவிழவில்லை, இன்டரப்டும் வரவில்லை. மாரியில் ஆர்எம்மொட் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவர, அதற்குள் வாளி ஒருதரம் கவிழ்ந்தால் போதும்: கேர்னல் பழைய ஹாண்ட்லரின் முகவரிக்குப் பாயும், அங்கே ஒன்றுமில்லை. இன்டரப்டுக்குள் நடக்கும் விபத்து என்பதால் ஊப்ஸோடு (கேர்னல் தப்பக்கூடிய பிழையோடு) நில்லாது, பேனிக்கில் (முழு நிறுத்தத்தில்) முடியும். இடைவெளியில் மழை பெய்யாவிட்டால் உங்களுக்கு அந்த 'பிஸி' கிடைக்கிறது, ஏனென்றால் பழைய பதிவு இன்னும் அந்த லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே லைனைப் பலர் பகிர விடும் ஷெயார்ட் கொடியைப் போட்டு அதைத் தாண்டலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றம் வெற்றி என்று காட்டும், முதல் கவிழ்ப்பில் மெஷின் விழும்.

இன்னொரு கண்ணி. இந்த நிலையில் இன்டரப்ட் பட்டியலான /புரொக்/இன்டரப்ட்ஸ் பைலைப் பார்க்கப் போனால் அதுவே மெஷினை விழுத்தலாம். ஹாண்ட்லருக்கு நீங்கள் வைத்த பெயரைக் கேர்னல் பிரதி எடுப்பதில்லை, பொயின்டரை மட்டும் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் இறக்கப்பட்ட மொடியூலின் நினைவகத்தில் இருந்தது. அந்த இடம் இன்னும் காலியாகாமலோ, புதிய மொடியூலே அதில் வந்து அமர்ந்தோ இருந்தால் தப்பும். 'சிலவேளை' என்று நீங்கள் எழுதியதில் ஒரு பகுதி இதுதான்.

திருத்தம் ஒரு சொல்: நல் இருக்கும் இடத்தில் அதே பொயின்டர். ஆனால் அதோடு முடியவில்லை. சுவிட்ச் துள்ளலுக்காக (ஒரு கவிழ்ப்பைப் பலதரமாக எண்ணாதிருக்க) 50 மில்லிசெக்கன் டைமர் ஒன்று வைத்திருக்கிறீர்களே, எக்ஸிட்டில் அதை நிறுத்தவே இல்லை. நிறுத்துங்கள், ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் டிவைஸ் பைலை (புரோகிராம்கள் மொடியூலோடு பேசத் திறக்கும் பைலை) எடுத்துவிடுங்கள், பிறகு ஃப்ரீ_ஐஆர்கியூ, பிறகு டைமர், கடைசியில் நினைவகம். டைமரை முதலில் நிறுத்தினால் அடுத்த இன்டரப்ட் அதைத் திரும்ப எழுப்பிவிடும். ஃப்ரீ_ஐஆர்கியூ, ஓடிக்கொண்டிருக்கும் ஹாண்ட்லர் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். டைமருக்கு 'சிங்க்' என்று முடியும் பங்ஷனையே பாவியுங்கள், அதுவும் காத்திருக்கும்.

ஏற்றும்போது ஓடும் இனிட் பங்ஷனையும் பாருங்கள். இனிட் பாதியில் பிழை சொல்லித் திரும்பினால் எக்ஸிட் அழைக்கப்படாது. அதுவரை எடுத்ததையெல்லாம் இனிட்டே தலைகீழ் ஒழுங்கில் விட வேண்டும். உங்களுடையதில் மூன்றாவது படி தோற்றால் வெறும் ரிட்டர்ன்தான் இருக்கிறது.

சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். சிறு காந்தம் ஒன்றை எடுத்து, மொடியூலை இறக்கிய பின் சுவிட்சின்மேல் நாலைந்து தரம் கொண்டுபோங்கள். மெஷின் அசையக்கூடாது, டிமெசேஜில் புதிய வரி வரக்கூடாது. பிறகு ஏற்றி இறக்குவதை ஒரு ஷெல் லூப்பில் 100 தரம் ஓட விடுங்கள். ஒவ்வொரு தரமும் பையை ரீபூட் பண்ணிச் சோதிக்கும் பழக்கம் இப்படியான பிழைகளை மூடிமறைக்கிறது. ரீபூட் எல்லா மிச்சத்தையும் துடைத்துவிடுகிறதே.

பேனிக் வந்தால் லொக் பைலில் தேடாதீர்கள், எழுத நேரம் இருந்திருக்காது. பையின் 8ஆம், 10ஆம் பின்களில் 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் வயர் பூட்டி, சீரியல் கொன்சோலை 115200 வேகத்தில் திறந்து வையுங்கள். அதில் 'லாஸ்ட் அன்லோடட்' என்று உங்கள் மொடியூலின் பெயரே வந்து நிற்கும்.

வெறும் மழை எண்ண மொடியூல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். லிப்ஜிபிஐஓடி நூலகத்தோடு வரும், பின்னைக் கவனிக்கும் ஜிபிஐஓமொன் கட்டளை போதும். கேர்னல் பழகத்தான் எழுதினீர்கள் என்றால் எழுதுங்கள், நல்ல வேலை.

கேள்வி: மொடியூலை இறக்கப் போனால் 'இஸ் இன் யூஸ்' என்கிறது. ஆர்எம்மொட்டுக்கு மைனஸ் எஃப் போட்டு வலுக்கட்டாயமாக இறக்கலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: வேண்டாம் பிள்ளை. ஏறியிருக்கும் மொடியூல்களைக் காட்டும் எல்எஸ்மொட் அடித்து 'யூஸ்ட் பை' நிரலைப் பாருங்கள். பெயர் இருந்தால் அந்த மொடியூலை முதலில் இறக்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏதோ புரோகிராம் உங்கள் டிவைஸ் பைலைத் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அது எது என்று சொல்லும். இன்னொரு டேர்மினலில் மறந்துபோன 'கட்' (பைலை வாசித்துக் காட்டும் கட்டளை) ஒன்று ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.