அறிவியல் ஆர்வமுள்ள மகளோடு ஊர் திரும்புகிறோம்: வீடு வாங்கலாமா, வாடகைக்குப் போகலாமா?

கேள்வி: மஸ்கட்டில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். வயது 45. வரும் ஏப்ரலில் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறோம். சென்னை சிறுசேரி சிப்காட்டில் வேலை உறுதியாகிவிட்டது; பிடித்தம் போக மாதம் 1,45,000 ரூபாய் கைக்கு வரும். மகள் பத்தாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. பேச்செடுத்தால் இயற்பியல், வானியல்தான். மகன் மூன்றாம் வகுப்பு. மனைவி இப்போது வேலைக்குப் போகவில்லை. கையிருப்பு 85 லட்சம்: என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) டெபாசிட் 60, மியூச்சுவல் ஃபண்ட் 15, வரவிருக்கும் பணிக்கொடை 10. நாவலூரில் குடிபோகத் தயாராக இருக்கும் புது ஃப்ளாட் ஒன்றை 1.10 கோடிக்குப் பார்த்திருக்கிறோம். 70 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 8.5 சதவீதம். அதே வளாகத்தில் வாடகைக்குப் போனால் 28,000. பக்கத்திலேயே ஒரு பள்ளி, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்குப் பயிற்சியும் சேர்த்து மகளுக்கு வருஷம் 3.2 லட்சம், மகனுக்கு 2.2 லட்சம் கேட்கிறார்கள். ‘சயன்ஸ் படிக்கிற பிள்ளைக்குப் பெங்களூருதான் சரி’ என்கிறார் மைத்துனர். என் கம்பெனிக்கு அங்கேயும் ஆபீஸ் உண்டு. அம்மா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். நாங்கள் எங்கே குடியேறுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மஸ்கட்

பதில்:

உங்கள் மகள் இனி உங்களோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது பெரும்பாலும் இரண்டே வருஷம். பிளஸ் டூ முடிந்ததும் திருப்பதியோ திருச்சியோ மும்பையோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். நீங்கள் வாங்க நினைக்கும் கடனுக்கு வயது 20 வருஷம். இரண்டு வருஷத் தேவைக்காக இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போட வேண்டாம். இப்போதைக்குச் சென்னையில், மகளுக்கு வசதியான இடத்தில் வாடகைக்குப் போங்கள். அவள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாவலூர் வீட்டுக்குக் கையிலிருந்து 40 லட்சம் போட வேண்டும். சென்னையில் பத்திரச் செலவு, புது ஃப்ளாட்டா கைமாறிய வீடா என்பதைப் பொறுத்து, 7 முதல் 9 சதவீதம் வரை வரும். குறைந்த கணக்கில் வைத்தாலும் 7.7 லட்சம். மரவேலை, ஏ.சி., விளக்கு, திரைச்சீலை என்று எட்டு லட்சமாவது ஆகாமல் எந்தப் புது வீட்டிலும் குடியேற முடியாது. ஆக, 14 வருஷ உழைப்பில் சேர்ந்த 85 லட்சத்தில் சுமார் 56 லட்சம் முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும்.

அப்புறம் மாதக் கணக்கு. தவணை 60,750 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 5.4 லட்சம், மாதத்துக்கு 45,000. இதுவே 1,10,750 ஆகிவிட்டது. மிச்சம் 34,250 ரூபாயில் நாலு பேர் சாப்பிட்டு, பெட்ரோல் போட்டு, அம்மாவுக்கு மருந்து வாங்கி, இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். 45 வயதில், ஒரே சம்பளத்தில், புது வேலையில் சேர்கிற ஒருவர் இப்படிப்பட்ட இறுக்கத்துக்குள் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மாதத் தவணையில் 49,583 ரூபாய் வெறும் வட்டி. அசல் கழிவது 11,000 சொச்சம்தான். அதே வளாகத்தில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 28,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1.10 கோடி முதலுக்கு வருஷம் 3.36 லட்சம் வாடகை, சுமார் 3 சதவீதம். 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3 சதவீதம் வாடகை மிச்சம் பண்ணுகிற வேலை இது. விலை ஏறும் என்பார்கள். ஏறலாம். அந்த நம்பிக்கைக்காக மகளின் கடைசி இரண்டு பள்ளி வருஷங்களை அடமானம் வைக்க வேண்டாம்.

இப்போது இடம். வேறெல்லாவற்றையும்விட முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பதினாறு வயதுப் பெண் அப்பாவின் காரை எதிர்பார்க்காமல் தானே எங்கெல்லாம் போய்வர முடியும்? அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதுதான் பெரிய வசதி. நாவலூரில் அடுக்குமாடி வளாகத்துக்குள் நீச்சல்குளம் இருக்கும்; வாசலைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். நெரிசலும் மெட்ரோ வேலையும். நூலகத்துக்கோ சொற்பொழிவுக்கோ போக வேண்டுமென்றால் வார இறுதிக்காகக் காத்திருந்து உங்களைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

திருவான்மியூர், இந்திரா நகர், அடையாறு பக்கம் வாருங்கள். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் இந்திரா நகர், கஸ்தூரிபாய் நகர், அடுத்தது கோட்டூர்புரம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனிக் கூடம் உண்டு. சனிக்கிழமை போய்ப் பாருங்கள், மேசை மேசையாகப் பிள்ளைகள் தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் தம்பியின் டி.வி. சத்தத்தில் படிக்கிற பெண்ணுக்கு அந்தச் சூழலே பாதி டியூஷன். அதே காந்தி மண்டபம் சாலையில் பிர்லா கோளரங்கம். தரமணியில் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், எல்லோரும் மேட்சயன்ஸ் என்று சொல்வது. பொதுமக்களுக்கான சொற்பொழிவுகளை அவர்கள் நடத்துகிறார்கள். மியூசிக் அகாடமியில் நடக்கும் ‘சயன்ஸ் அட் தி சபா’ அவர்களுடையதுதான். ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் சாஸ்த்ரா தொழில்நுட்ப விழாவும் பக்கம். இதில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு ரயில் டிக்கெட்தான்.

சிறுசேரியில் உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே சென்னை கணிதக் கழகம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நாட்டின் நல்ல கணிதக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது கல்லூரி. பிளஸ் ஒன் பிள்ளை அதை ஒரு தரம் பார்த்து ஆசைப்படலாம், வாராவாரம் போக அங்கே வேலையில்லை.

திருவான்மியூரிலிருந்து சிறுசேரிக்கு உங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரமாவது ஆகும். கம்பெனி பஸ் இருந்தால் அதில் போங்கள். அலைச்சலை யாராவது ஏற்க வேண்டுமென்றால் அது நீங்களாக இருக்கட்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பள்ளி பஸ்ஸில் தினமும் ஒன்றரை மணி நேரம் போனால், வருஷத்துக்கு 200 பள்ளி நாளில் 300 மணி நேரம் போய்விடும். தூக்கத்தையும் சொந்தமாக யோசிக்கும் நேரத்தையும்தான் பிள்ளைகள் அதற்குப் பலி கொடுக்கிறார்கள்.

இந்தப் பக்கம் கொஞ்சம் பழைய கட்டடத்தில் 40,000 வாடகை என்று வையுங்கள். சாதாரணமான, நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளியில் இரண்டு பேருக்கும் சேர்த்து 2.8 லட்சம் பட்ஜெட் போடுங்கள், மாதம் 23,300. மொத்தம் 63,300. நாவலூர் திட்டத்தைவிட மாதம் 47,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், இரண்டு வருஷத்தில் 11 லட்சம். டெபாசிட்டில் 60 லட்சம் அப்படியே இருக்கிறது, 6.5 சதவீதம் என்றாலே வருஷம் 3.9 லட்சம் வட்டி. வரி போனாலும் வாடகையில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும்.

வீடு பார்க்கும்போது தரைத்தளம் வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வார்கள். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பட்ட பாடும் தெரிந்ததே. அந்த இரண்டு வருஷமும் தண்ணீர் எதுவரை வந்தது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் கேளுங்கள். அட்வான்ஸைப் பொறுத்தவரை, 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பேசிப் பாருங்கள்.

பள்ளி விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகமாகப் பணத்தை இழப்பது இங்கேதான். ஜே.இ.இ. பயிற்சியையும் சேர்த்து ‘இன்டக்ரேட்டட்’ என்ற பெயரில் கூடுதலாக வாங்கும் லட்சங்களுக்குப் பல இடங்களில் கிடைப்பது, ஆய்வக நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் எடுத்துக்கொண்டு நடத்தும் கொள்குறி வினாப் பயிற்சி. அறிவியலை நேசிக்கிற பிள்ளையை அது சலிக்கவைத்துவிடும். பள்ளிக்குப் போனால் ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். நீங்கள் இயற்பியல் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி தேட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். லென்ஸ் சோதனைக்கான ஆப்டிகல் பெஞ்சின் மேல் விரலை வைத்துத் தடவுங்கள், தூசி இருக்கிறதா என்று தெரியும். பிளஸ் டூ பிள்ளை ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் எல்லா அளவீடும் ஒரே மாதிரி அச்சடித்ததுபோல இருந்தால், யாரும் எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் மகளையும் கூட்டிப்போங்கள். ஆய்வக ஆசிரியரிடம் அவளே நாலு கேள்வி கேட்கட்டும். அவர் சந்தோஷமாகப் பதில் சொல்கிறாரா என்பது மூன்று லட்ச ரூபாய்க் கட்டணத்தைவிடப் பெரிய தகவல்.

இன்னொரு கேள்வி: இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் ஒலிம்பியாட் முதல்நிலைத் தேர்வுக்கு அந்தப் பள்ளி மையமா, இல்லையென்றால் வேறு மையத்தில் எழுத விடுமா? இயற்பியலுக்கும் வானியலுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. தேறினால் அடுத்தடுத்த கட்டம், கடைசியில் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் முகாம். கட்டணம் சொற்பம். தேறாவிட்டாலும் அந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு ஜே.இ.இ. பயமே போய்விடும். 2025 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒலிம்பியாட் மும்பையில்தான் நடந்தது; மகளுக்குத் தெரிந்திருக்கும்.

பெங்களூரு பற்றி மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம், இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் ஒரே ஊரில். நேரு கோளரங்கம் மாணவர்களுக்கென்று வகுப்புகளே நடத்துகிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்திருந்தால் நானே பெங்களூருக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது இரண்டு வருஷத்துக்காகப் போனால் புது ஊர், அறிமுகமில்லாத மொழி, பல இடங்களில் இன்னும் ஆறு மாதம், பத்து மாத அட்வான்ஸ், திண்டிவனத்திலிருந்து இன்னும் தூரம். அதோடு மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளான என்.ஐ.டி.களில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. சொந்த மாநிலம் எது என்பதைப் பிளஸ் டூ எங்கே தேறினார் என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் முடித்தால் திருச்சி என்.ஐ.டி.யில் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியே போகலாம் என்றால் பொதுவாக அங்கே ஏழு வருஷம் படித்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு, பத்தாவது வரை வெளிநாட்டில் படித்தவள் என்பதால் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படும். அதை வந்த முதல் மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

பெங்களூரின் பலனில் ஒரு பகுதியைச் சென்னையில் இருந்துகொண்டே பெறலாம். வருஷத்துக்கு 40,000 ரூபாயை மகளின் அறிவியலுக்கென்று தனியாக ஒதுக்குங்கள். ஒரு நல்ல பைனாகுலர், புத்தகங்கள், பெங்களூரு அறிவியல் கழகம் பொதுமக்களை உள்ளே விடும் ‘ஓப்பன் டே’வுக்கு ஒரு ரயில் பயணம். வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் அமைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மேகமில்லாத ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். நாவலூர் மொட்டை மாடியிலிருந்தும் அடையாறு மொட்டை மாடியிலிருந்தும் நட்சத்திரம் பார்ப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் விளக்கு வெளிச்சம்தான்.

வரி பற்றிச் சுருக்கமாக. ஊர் திரும்பியதும் வங்கியில் தகவல் சொல்லி என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்ற வேண்டும். அதன் பிறகு அந்த வட்டிக்கு வரி உண்டு. 14 வருஷம் வெளியே இருந்ததால் முதல் இரண்டு வருஷமாவது நீங்கள் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற பிரிவில் வரலாம், அப்போது ஓமானில் விட்டு வரும் பணத்தின் வட்டிக்கு இங்கே வரி வராது. நாள் கணக்கை ஆடிட்டரிடம் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். கம்பெனி தருவதை நம்பாமல் குடும்பத்துக்குத் தனியாக மெடிக்கல் பாலிசி எடுங்கள், அம்மாவுக்கு வேறாக.

மகன் சின்னவன். அக்காவுக்குப் பிடித்த துறையை வைத்து அவன் இருபது வருஷம் இருக்கப்போகும் வீட்டை முடிவு செய்வது அவனுக்கும் நியாயமில்லை. 2028 கோடையில் அக்கா கல்லூரிக்குக் கிளம்பும்போது அவன் ஆறாம் வகுப்புக்குப் போவான். உங்கள் வேலை நிலைத்திருக்கும், மனைவி வேலைக்குப் போகிறாரா என்பது தெரிந்திருக்கும், சிறுசேரி மெட்ரோ எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். அம்மா உங்களோடு வர ஒப்புக்கொண்டால் லிஃப்ட் உள்ள வீடாக, 50 லட்சத்துக்கு மேல் கடன் போகாமல் அப்போது பாருங்கள்.

பிளஸ் ஒன் சேர்க்கையைப் பல பள்ளிகள் ரிசல்ட் வருவதற்கு முன்பே, ஜனவரியிலிருந்தே தொடங்கிவிடுகின்றன. நாலைந்து பள்ளிகளுக்கு இப்போதே மின்னஞ்சல் போடுங்கள். நாவலூரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதில் திரும்பப் பெறும் நிபந்தனை என்ன இருக்கிறது என்று பார்த்து, விற்பனை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.